ஒரு மில்லிமீட்டர் ஆட்டம்

2023 ஏப்ரல் 29 அன்று ‘பயானத்’ என்ற 36 அடிப் பாய்மரப் படகு பிரான்ஸின் லெ சாப்ல் தொலோன் துறைமுகத்துக்குள் நுழைந்தது. அபுதாபியைச் சேர்ந்த புவித்தகவல் நிறுவனம் ஒன்றின் பெயரைத் தாங்கிய படகு அது. ஓட்டிவந்தவர் இந்தியக் கடற்படையில் கமாண்டராக இருந்து ஓய்வுபெற்ற கேரளத்துக்காரர் அபிலாஷ் டோமி. 236 நாட்கள் தன்னந்தனியாக, எந்தத் துறைமுகத்திலும் ஒதுங்காமல் உலகைச் சுற்றி வந்திருந்தார். கோல்டன் குளோப் பந்தயத்தில் அந்த முறை புறப்பட்டவர்கள் 16 பேர். எங்கும் நிற்காமல் முடித்தவர்கள் 3 பேர் மட்டுமே. இரண்டு நாள் முன்னதாக வந்து சேர்ந்த தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நாய்ஷேஃபர் முதலிடம் பெற்றார்; அபிலாஷ் இரண்டாமிடம்.

அந்தப் பந்தயத்தின் விதிப்புத்தகத்தில் படகுகளைப் பற்றி ஒரு நிபந்தனை உண்டு. படகு 1988க்கு முன் வடிவமைக்கப்பட்டதாக இருக்க வேண்டும். நீளம் 32 அடிக்குக் குறையாமலும் 36 அடியைத் தாண்டாமலும் இருக்க வேண்டும். கூடவே, அதன் சுக்கான் ‘ஏரா’ எனப்படும் அடிக்கட்டையின் பின்விளிம்போடு இணைந்திருக்க வேண்டும். திசைகாட்டும் செயற்கைக்கோள் கருவிகளுக்குக்கூடத் தடை விதிக்கும் பழைமை விரும்பிகளின் பந்தயம் என்பதால் இதையும் பழைமைப் பற்று என்று எண்ணத் தோன்றும். ஆனால் இந்த விதிக்குள் பொறியியல் இருக்கிறது. சுக்கானை எது, எத்தனை இடத்தில் தாங்குகிறது என்பதைப் பொறுத்துத்தான் அது ஆறு மாதம் தாங்குமா, ஆறு வருடம் தாங்குமா என்பது முடிவாகிறது.

அடிக்கட்டையோடு இணைந்த சுக்கானுக்கு மேலே ஒரு பிடி, நடுவே ஒரு பிடி, அடிநுனியில் ஒரு பிடி என்று பல இடங்களில் தாங்கல் கிடைக்கும். துபாய், அபுதாபி, தோஹா, மஸ்கட் மெரினாக்களில் இன்று கட்டிக்கிடக்கும் பெரும்பாலான பாய்மரப் படகுகளின் அமைப்பு வேறு. அவற்றில் சுக்கான் படகின் அடியிலிருந்து தனியாகத் தொங்குகிறது. நுனியில் பிடிமானமே இல்லை. ஓர் உலோகத் தண்டு படகின் உடலைத் துளைத்துக்கொண்டு மேலே வருகிறது. அந்தத் தண்டை மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு பேரிங்குகள் பிடித்திருக்கின்றன. தண்ணீர் சுக்கானுக்குக் கொடுக்கும் அத்தனை அழுத்தமும் இந்த இரண்டு வளையங்கள் வழியாகத்தான் படகுக்குப் போய்ச் சேருகிறது.

இரண்டு வளையங்கள் சுமக்கும் பாரம்

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சுக்கானின் பரப்பு 0.4 சதுர மீட்டர். படகின் வேகம் 7 நாட், அதாவது மணிக்கு ஏறத்தாழ 13 கி.மீ. நல்ல காற்றில் படகு ஒரு பக்கமாகச் சாயும்போது அதை நேராக ஓட்ட சுக்கானைக் கொஞ்சம் பலமாகவே திருப்பிப் பிடிக்க வேண்டியிருக்கும். அந்த நிலையில் தண்ணீர் சுக்கானைப் பக்கவாட்டில் தள்ளும் விசை 220 கிலோ எடைக்குச் சமமாக இருக்கும்.

இந்த விசை சுக்கானின் நடுப்பகுதியில் விழுகிறது. அந்த இடம் கீழ்ப் பேரிங்குக்கு 0.6 மீட்டர் கீழே இருக்கிறது என்றும், இரண்டு பேரிங்குகளுக்கும் இடையே 0.8 மீட்டர் தூரம் என்றும் கொள்வோம். இங்கே கீழ்ப் பேரிங் நெம்புகோலின் தாங்குபுள்ளி ஆகிவிடுகிறது. சுக்கான் ஒரு பக்கம் தள்ளப்படும்போது தண்டின் மேல்முனை எதிர்ப்பக்கம் போகப் பார்க்கும். அதை மேல் பேரிங் 165 கிலோ விசையோடு இழுத்துப் பிடிக்கிறது. இந்த 165 கிலோவையும் தண்ணீரின் 220 கிலோவையும் சேர்த்துச் சுமப்பது கீழ்ப் பேரிங். மொத்தம் 385 கிலோ. தண்ணீர் கொடுத்ததைவிட முக்கால் பங்கு அதிகம். அலை முதுகில் சறுக்கிப் படகு இரண்டு மடங்கு வேகம் எடுத்தால் விசை இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்காகிவிடும். சுக்கான் பேரிங் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் கீழ்ப் பேரிங்கைக் கவலையோடு பார்ப்பது இதனால்தான். கெட்ட நேரமாக, அதுதான் கண்ணுக்கும் கைக்கும் எட்டாத இடத்தில், உப்புத் தண்ணீருக்குள் உட்கார்ந்திருக்கிறது.

ஆட்டம் இல்லாமலும் முடியாது

பேரிங்குக்கும் தண்டுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி வேண்டும். இடைவெளியே இல்லையென்றால் தண்டு திரும்பாது. இடைவெளி கூடினால் தண்டு ஆடும், இடிக்கும். பட்டறையில் இதை ‘ஆட்டம்’ என்பார்கள். மாட்டுவண்டிச் சக்கரத்தின் குடத்தில் அச்சு சற்றே தளர்வாக இருந்து, நடுவே வண்டி மை இருந்தால்தான் வண்டி ஓடும். ஆட்டம் எவ்வளவு இருக்கலாம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஆனால் சுழலும் சக்கரத்துக்குக் கிடைக்கும் ஒரு வரம் சுக்கானுக்குக் கிடையாது. கார் எஞ்சினில் தண்டு நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றுகிறது. அந்த வேகத்தில் அது எண்ணெயைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போய், தனக்கும் பேரிங்குக்கும் நடுவே மெல்லிய எண்ணெய்ப் படலத்தை உருவாக்கி, அதன்மேல் மிதக்கிறது. உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை. அதனால்தான் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடியும் தேய்மானம் குறைவாக இருக்கிறது.

சுக்கான் சுற்றுவதில்லை, அசைகிறது. வலப்பக்கம் ஐந்து பாகை, இடப்பக்கம் ஐந்து பாகை, அவ்வளவுதான். ஒவ்வொரு அசைவின் முடிவிலும் நின்று, திசைமாறி, மறுபடி கிளம்புகிறது. படலம் உருவாகத் தேவையான வேகம் அதற்கு ஒருபோதும் வருவதில்லை. எனவே பரப்பும் பரப்பும் நேருக்கு நேர் உரசுகின்றன. அதுவும் எப்போதும் அதே சின்ன வில்பகுதியில். தானியங்கி ஓட்டுநர் கருவி 3 விநாடிக்கு ஒருமுறை சுக்கானை அசைக்கிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 28,800 அசைவுகள். அப்படியே 236 நாள் ஓடினால் ஏறத்தாழ 68 லட்சம்.

தண்ணீரின் தள்ளல் பெரும்பாலும் பக்கவாட்டில் வருவதால் தேய்மானமும் பக்கவாட்டில்தான் மிகுதியாக நடக்கிறது. புதிதாகப் பொருத்தியபோது வட்டமாக இருந்த துளை சில ஆண்டுகளில் முட்டை வடிவத்துக்கு மாறுகிறது. முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தால் இறுக்கமாக இருக்கும் சுக்கான், பக்கவாட்டில் ஆட்டினால் லொடலொடக்கும். எந்தத் திசையில் ஆட்டிப் பார்க்கிறோம் என்பது முக்கியம் என்று அனுபவசாலிகள் சொல்வது இதை வைத்துத்தான்.

கண்ணுக்குத் தெரிந்த காலம்

வளைகுடாக் கடலில் சுக்கானின் வரலாறு நீண்டது. 1237இல் யஹ்யா அல் வாசித்தி என்ற ஓவியர், அல் ஹரீரியின் ‘மகாமாத்’ கதைகளுக்கு வரைந்த படங்களில் ஒரு கப்பலும் இருக்கிறது. அதன் பின்புறத்தில், இன்றைய சுக்கானைப் போலவே ஒரு பலகை தெளிவாகத் தொங்குகிறது. அதற்கும் முந்தைய காலத்து முறையை நம் நாளில் செய்து பார்த்தவர்கள் ஓமான்காரர்கள். 9ஆம் நூற்றாண்டில் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே மூழ்கிய கப்பலின் எச்சங்களை முன்மாதிரியாக வைத்து, ஆணியே அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்து ‘ஜூவல் ஆஃப் மஸ்கட்’ என்ற கப்பலைக் கட்டினார்கள். 2010 பிப்ரவரியில் மஸ்கட்டிலிருந்து புறப்பட்டு, கொச்சி, இலங்கையின் காலி வழியாக ஜூலையில் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தது. அதன் பின்பகுதியில் பக்கத்துக்கொன்றாக இரண்டு பக்கவாட்டுச் சுக்கான்கள். அவற்றைப் பிடித்திருந்தது கயிற்றுக் கட்டு. கயிறு தேய்வது கண்ணுக்குத் தெரியும். தேய்ந்தால் அவிழ்த்துப் புதுக்கயிறு கட்டிவிடலாம்.

‘தவ்’ எனப்படும் பின்னாளைய அரபுப் பாய்மரக் கப்பல்களில் சுக்கான் கப்பலின் பின்கட்டைக்கு வெளியே தொங்கியது. சுக்கானில் இரும்பு முளைகள், பின்கட்டையில் இரும்பு வளையங்கள். முளை வளையத்துக்குள் இறங்கி உட்கார்ந்தால் முடிந்தது. ஓமானின் சூர் நகரில் காட்சிக்கு நிற்கும் ‘ஃபத்ஹ் அல் கைர்’ போன்ற பழைய கப்பல்களின் பின்புறத்தைச் சுற்றிவந்து பார்ப்பவர்களுக்கு இந்த ஏற்பாடு உடனே புரிந்துவிடும். சர் பூ நுஐர் தீவிலிருந்து துபாய் வரை 1991 முதல் நடந்துவரும் ‘அல் கஃபால்’ பந்தயத்தில் 60 அடித் தவ்கள் பாய் விரித்து ஓடுவதை இன்றும் காணலாம். அவற்றின் சுக்கானும் வெளியேதான். கேரளத்தின் பேப்பூரில் ‘உரு’ என்னும் மரக்கப்பல் கட்டியவர்களும் தூத்துக்குடித் தோணிக்காரர்களும் அறிந்த அமைப்பு இது. தேய்மானம் எங்கே, எவ்வளவு என்று பார்ப்பதற்குக் குனிந்து நோக்கினால் போதும்.

நவீனப் படகில் நீரோட்டம் தடையின்றி வழுக்கிப் போக வேண்டும் என்பதற்காகச் சுக்கானைப் படகின் அடிக்குக் கொண்டுபோனார்கள். படகு வேகமும் நளினமும் பெற்றது. பேரிங் கண்ணிலிருந்து மறைந்தது. மறைந்த பேரிங்கை எதனால் செய்வது என்ற கேள்வியும் பிறந்தது.

அந்தக் கேள்வியை நீராவிக் கப்பல்காரர்கள் முன்பே சந்தித்திருந்தார்கள். 1850களில் உந்துவிசிறியின் தண்டைத் தாங்கிய பித்தளை வளையங்கள் கடல்நீரில் படுவேகமாகத் தேய்ந்து கப்பல்களை முடக்கின. 1854இல் இங்கிலாந்தின் ஜான் பென் என்ற பொறியாளர், உலோகத்துக்குப் பதிலாக ‘லிக்னம் வைட்டே’ என்னும் மரத்தின் கீற்றுகளைப் பித்தளைக் கூட்டுக்குள் அடுக்கி, கடல்நீரையே மசகாக ஓடவிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். தண்ணீரில் மூழ்கும் அளவுக்குக் கனமான, இயல்பாகவே பிசின் ஊறிய அந்த மரம் பித்தளை தோற்ற இடத்தில் நின்றது. அடுத்த நூறு ஆண்டுகளுக்கு உலகக் கப்பல்களின் பின்தண்டுகள் மரத்தின்மேல் சுழன்றன. உப்புநீருக்குள் உலோகத்துக்கு நல்ல துணை இன்னோர் உலோகம் அல்ல, தன்னைத்தானே வழுக்கிக்கொள்ளும் மென்மையான வேறொரு பொருள் என்ற பாடம் அப்போதே கிடைத்துவிட்டது. மரம் இருந்த இடத்தில் இன்று நைலானும், அசிட்டாலும், மிக அடர்ந்த பாலிஎத்திலீனும் இருக்கின்றன. வேகப் படகுகளில் உருளை பேரிங்குகளும் வந்துவிட்டன. பாரத்தில் தண்டு லேசாக வளையும்போது அதற்கேற்பத் தானும் சாய்ந்துகொடுக்கும் பேரிங்குகளும் இப்போது கிடைக்கின்றன. சாய்ந்துகொடுக்காத புஷ்ஷில், அதாவது வெறும் குழல் வடிவப் பேரிங்கில், வளைந்த தண்டு விளிம்பை மட்டும் கடித்துத் தின்றுவிடும்.

உப்பும் வெயிலும் நடத்தும் தேர்வு

பெருங்கடல் நீரில் 1,000 கிராமுக்கு 35 கிராம் உப்பு இருக்கும். வளைகுடாவில் அது 40ஐத் தாண்டுகிறது. ஆழம் குறைந்த தென்கரையோரங்களில் இன்னும் கூடுதல். சராசரி ஆழம் ஏறத்தாழ 35 மீட்டரே உள்ள கடல். ஒரே ஒரு குறுகிய வாசல், ஹோர்முஸ் நீரிணை. மேலே வெயில் நீரை ஆவியாக்கிக்கொண்டே இருக்கிறது, உப்பு தங்கிவிடுகிறது. கோடையில் நீரின் வெப்பமே 35 பாகை செல்சியஸைத் தொடுகிறது. சுக்கான் பேரிங்கில் பயன்படும் ஒவ்வொரு பொருளுக்கும் இந்தக் கடல் தனித்தனியாகத் தேர்வு வைக்கிறது.

முதலில் நைலான். அது தண்ணீர் குடிக்கும் பிளாஸ்டிக். முழுக்க ஊறிய சாதாரண நைலான் தன் எடையில் 9 சதவீதம் வரை நீரை உள்வாங்கிக்கொள்ளும். அதற்கேற்ப ஒவ்வொரு பக்கமும் இரண்டரை சதவீதம்போல உப்பும். 10 மி.மீ. கனமுள்ள புஷ்ஷின் சுவர் கால் மில்லிமீட்டர் பருக்கும். வெளிப்புறம் படகின் குழாய்க்குள் இறுக்கமாக அடைந்திருப்பதால் பருமன் உள்பக்கம்தான் போக முடியும். இரண்டு பக்கமும் சேர்த்துத் துளை குறைந்தது அரை மில்லிமீட்டர் சுருங்குகிறது. லேத்தில் உலர்ந்த நைலானைக் கடைந்து, 0.3 மி.மீ. இடைவெளி விட்டு அழகாகப் பொருத்திய புஷ், தண்ணீரில் இறங்கிய சில மாதங்களில் தண்டைக் கவ்விப் பிடிப்பது இப்படித்தான். அசிட்டால் 1 சதவீதத்துக்கும் குறைவாகவே நீர் குடிக்கும் என்பதால்தான் இந்த வேலைக்கு அதை விரும்புகிறார்கள்.

அசிட்டாலுக்கு வேறொரு குணம். வெப்பத்தில் அது எஃகைவிட ஆறேழு மடங்கு விரியும். குளிர்காலக் கடலில் அளவெடுத்துப் பொருத்திய புஷ், ஜூலை மாதக் கரையில் வேறு அளவு காட்டும். வித்தியாசம் நூறில் சில பங்கு மில்லிமீட்டர்தான். என்றாலும் இடைவெளி மொத்தமே அரை மில்லிமீட்டராக இருக்கும்போது அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது துருப்பிடிக்காத எஃகு. அதைத் துருவிலிருந்து காப்பது அதன் மேற்பரப்பில் தானாக உருவாகும் குரோமியம் ஆக்சைடு படலம். கண்ணுக்குத் தெரியாத அந்தத் தோல் கீறப்பட்டால் நீரிலுள்ள ஆக்சிஜனை எடுத்து மறுபடி தன்னைத் தைத்துக்கொள்ளும். பேரிங்குக்குள் இருக்கும் இடுக்கிலோ நீர் தேங்கி நிற்கிறது. அதிலிருக்கும் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. குளோரைடு அயனிகள் உள்ளே சேர்ந்து நீரை அமிலமாக்குகின்றன. தோல் கிழிந்தால் தைக்க நூல் இல்லாத நிலை. பளபளப்பான தண்டில், பேரிங் மூடிய அந்த ஒரு விரற்கிடை அகலத்தில் மட்டும் சிறுசிறு குழிகள் விழுகின்றன. வெப்பமும் உப்பும் கூடக் கூட இது வேகமெடுக்கும். குழிவிழுந்த தண்டு, அதன்பின் ஒவ்வோர் அசைவிலும் பிளாஸ்டிக்கை அரம்போல அராவுகிறது. தேய்ந்தது பிளாஸ்டிக் என்றாலும் நோய் எஃகில்.

அலுமினியம் நேரெதிராக நடந்துகொள்ளும். தண்டோ பேரிங்கின் கூடோ அலுமினியமாக இருந்தால், அரிப்பினால் உண்டாகும் வெண்பொடி, தான் உருவான உலோகத்தைவிட அதிக இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆட்டம் கூட வேண்டிய வயதில் பேரிங் இறுகிக்கொண்டே போகும். சுக்கான் கனக்கிறது என்று ஓட்டுபவர் சொல்வார். தேய்மானம் இல்லை என்று சோதிப்பவர் நிம்மதி அடைவார். உள்ளே உலோகம் கரைந்துகொண்டிருக்கும். ஆக, ஆட்டத்தைத் தேடுவது பாதி வேலைதான். இறுக்கத்தையும் தேட வேண்டும்.

கையால் ஆட்டிப் பார்ப்பது

அமீரகத்தில் பாய்மரப் பருவம் குளிர்காலம். கோடையில் பல படகுகளைத் தூக்கிக் கரையேற்றி முட்டுக்கொடுத்து நிறுத்திவிடுகிறார்கள். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் பன்னிரண்டரை முதல் மூன்று மணிவரை திறந்த வெயிலில் வேலை வாங்கத் தடை இருக்கிறது. எனவே படகுத் துறைகளில் இந்தச் சோதனைகள் விடியற்காலையிலேயே நடக்கின்றன. வெயிலில் காயாத அந்த நேரம் அளவெடுப்பதற்கும் உகந்தது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். படகைத் தூக்கிய முதல் சில நாட்களிலேயே பார்த்துவிட வேண்டும். ஊறியிருந்த நைலான் புஷ் வாரக்கணக்கில் கரையில் கிடந்தால் காய்ந்து சுருங்கத் தொடங்கும். இல்லாத தேய்மானத்தை இருப்பதாகக் காட்டும்.

வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கீழே தரையில். சுக்கானின் அடிநுனியை இரு கைகளாலும் பற்றிக்கொள்கிறார். இன்னொருவர் படகுக்குள், பின்னறையின் அடியில் தவழ்ந்து போய், தண்டு மேல் பேரிங்குக்குள் நுழையும் இடத்தில் விரலை வைக்கிறார். விரலின் பாதி தண்டின்மேல், பாதி பேரிங்கின்மேல். கீழே இருப்பவர் ஒரே சீராக, அவசரப்படாமல், பக்கவாட்டில் தள்ளி இழுக்கிறார். பிறகு முன்னும் பின்னும். பிறகு மேலே தூக்கி விடுகிறார்.

நுனியை ஆட்டச் சொல்வதில் ஒரு நுட்பம் இருக்கிறது. நாம் முன்பு போட்ட கணக்குப்படி பேரிங்குகளுக்கு நடுவே 0.8 மீட்டர். சுக்கானின் நுனி கீழ்ப் பேரிங்குக்கு 1.4 மீட்டர் கீழே இருக்கிறது என்போம். இரண்டு பேரிங்கிலும் தலா 1 மி.மீ. ஆட்டம் இருந்தால் தண்டு கீழே ஒரு பக்கமும் மேலே மறுபக்கமுமாகச் சாய முடியும். அந்தச் சாய்வு நுனியில் நான்கரை மில்லிமீட்டராக விரிந்து தெரியும். விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமல், சுக்கான் தன் உள்ளே இருக்கும் தேய்மானத்தைத் தானே பெருக்கிக் காட்டுகிறது. படகைச் சுழற்ற உதவும் அதே நெம்புகோல், பேரிங்கைச் சோதிக்கவும் உதவுகிறது.

மேலே வைத்த விரலும் லேசுப்பட்டதல்ல. 2013இல் ஸ்வீடனின் கேடிஎச் அரச தொழில்நுட்பக் கழகத்தில் நடந்த ஆய்வு ஒன்று, வழுவழுப்பான பரப்பில் வெறும் 13 நானோமீட்டர் உயரமுள்ள வரிகளைக்கூட மனித விரல் வருடி உணர்ந்துவிடுகிறது என்று காட்டியது. அப்படியிருக்க, பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் அசைவு அதற்கு எம்மாத்திரம்! தண்டு பேரிங்குக்குள் அசைந்தால் விரலின் ஒரு பாதி மட்டும் நகரும். அடுத்து விரலைப் பேரிங்கும் படகின் உடலும் சேரும் இடத்துக்கு மாற்ற வேண்டும். அங்கே அசைவு தெரிந்தால் கதையே வேறு. புஷ் தேயவில்லை, பேரிங்கைப் பிடித்திருக்கும் ஃபைபர் பகுதியே விட்டுக்கொடுத்திருக்கிறது. புஷ்ஷை மாற்றுவது ஒரு நாள் வேலை. இது படகின் உடலையே அறுத்துத் திரும்பக் கட்ட வேண்டிய வேலை. இரண்டையும் பிரித்துச் சொல்வது விரல் நுனி.

அசைவு இருக்கிறது என்று கை சொன்னால், எவ்வளவு என்று டயல் கேஜ் சொல்லும். காந்த அடித்தளத்தோடு அதை நிறுத்தி, முள்ளைத் தண்டின்மேல் தொடவைத்து, மறுபடி ஆட்டினால் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வரை படித்துவிடலாம். கீழ்ப் பேரிங்கில் கேஜுக்கு இடமில்லாதபோது ஃபீலர் கேஜ் எனப்படும் மெல்லிய தகடுகளை இடைவெளிக்குள் ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்க்கிறார்கள். நாலு திசையிலும் நுழைத்தால் துளை வட்டமாக இருக்கிறதா, முட்டையாகிவிட்டதா என்பதும் தெரிந்துவிடும்.

பிறகு சுக்கானை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மெதுவாகத் திருப்ப வேண்டும். எல்லாக் கோணத்திலும் ஒரே மாதிரி கனத்தால் புஷ் உப்பியிருக்கலாம், அலுமினியப் பொடி அடைத்திருக்கலாம். குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் இறுகி, அதைத் தாண்டியதும் இளகினால் தண்டு வளைந்திருக்கிறது. மணல் அரைபடுவதுபோல் நறநறத்தால் குழி விழுந்த எஃகோ உடைந்த உருளையோ உள்ளே இருக்கிறது. சுக்கானும் தண்டும் சேரும் இடத்தில் பழுப்பு நிறக் கசிவு வடிந்து காய்ந்திருந்தால் எஃகு உள்ளுக்குள் அரிபடுகிறது என்று பொருள். தண்ணீரில் இருக்கும்போதும் அறிகுறிகள் வரும். நங்கூரமிட்ட இரவில், சின்ன அலை ஏற்றத்தாழ்வில், பின்னறையிலிருந்து டொக் டொக் என்று கேட்கும் சத்தம். வேகமெடுக்கும்போது சக்கரத்தில் உணரும் நடுக்கம். நேராகப் போக வேண்டிய படகைத் தானியங்கிக் கருவி ஓயாமல் இடமும் வலமும் திருத்திக்கொண்டே இருப்பது. ஆட்டம் இருக்கும் சுக்கானில் கருவி கட்டளையிட்டாலும் முதல் சில அசைவு இடைவெளியை நிரப்பவே போய்விடும் என்பதால் அது எப்போதும் தாமதமாகவும் அதிகமாகவும் திருத்துகிறது. அந்த அதிகப்படி அசைவே மேலும் தேய்மானத்தை வளர்க்கிறது.

எண்ணை எழுதி வைக்க வேண்டும்

கரையிலிருந்து பார்த்தால் இவ்வளவு அக்கறை அதிகமாகத் தோன்றலாம். நடுக்கடலில் அப்படியல்ல. 2018 ஏப்ரலில், ஆறு பெண் அதிகாரிகளோடு உலகைச் சுற்றிவந்த இந்தியக் கடற்படையின் பாய்மரப் படகு ‘தாரிணி’, ஊர் திரும்பும் கடைசிக் கட்டத்தில், திட்டத்தில் இல்லாமல் மொரிஷியஸின் போர்ட் லூயிஸில் நிற்க வேண்டிவந்தது. சுக்கானை இயக்கும் கருவியில் பழுது. அதனால் படகு துறைமுகத்தைத் தேட வேண்டியிருந்தது. அதே தாரிணியில்தான் புதுச்சேரியின் லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமியும் கோழிக்கோட்டின் லெப்டினன்ட் கமாண்டர் தில்னாவும் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து கிளம்பி, கேப் ஹார்ன் முனையைச் சுற்றி, 2025 மே 29 அன்று திரும்பினார்கள். உதவிக்கு வரக்கூடிய அடுத்த கப்பல் பல நாள் தொலைவில் இருக்கும் கடற்பரப்பில் இரண்டே பேர் ஓட்டிய படகு அது. அங்கே சுக்கான் தண்டைச் சுற்றியிருக்கும் இடைவெளியும் உயிர் காக்கும் உபகரணங்களில் ஒன்று.

ஆட்டம் எவ்வளவு வரை பொறுக்கலாம் என்பதற்கு எல்லாப் படகுக்கும் பொதுவான ஓர் எண் கிடையாது. பேரிங் செய்தவர் குறித்துக் கொடுத்த அளவுதான் தொடக்கம். அதைவிடப் பயனுள்ளது படகின் சொந்த வரலாறு. இந்தக் கோடையில் நுனியில் 3 மி.மீ. ஆட்டம் என்று அளந்தால், அது எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று மட்டும்தான் தெரியும். சென்ற கோடையில் இரண்டரை என்று எழுதிவைத்திருந்தால், எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்றும் தெரியும். எந்தப் பருவத்துக்கு முன் புஷ்ஷை மாற்ற வேண்டும் என்று சொல்லிவிடலாம். போன வருடம் ஒன்று, இந்த வருடம் மூன்று என்றால் பருவம் முடியும்வரை காத்திருக்கவே கூடாது. புஷ்ஷை விட்டுவிட்டு முதலில் தண்டைப் பார்க்க வேண்டும், ஏதோ அதை அராவிக்கொண்டிருக்கிறது. எண் குறைந்திருந்தாலும் மகிழக் கூடாது, இறுக்கம் தொடங்கிவிட்டது.

இதற்கு வேண்டியவை இரண்டு பேர், ஒரு விடியற்காலை, ஒரு நோட்டுப் புத்தகம். தேதி, காற்றின் வெப்பம், படகைத் தூக்கி எத்தனை நாள் ஆயிற்று, பக்கவாட்டில் எவ்வளவு, முன்பின் எவ்வளவு, மேல் பேரிங்கில் எவ்வளவு, கீழே எவ்வளவு. ஆண்டுக்கு ஒரு வரி. படகு கைமாறினால் அந்த நோட்டும் கைமாற வேண்டும். அடுத்து அதைக் கடலுக்குக் கொண்டுபோகப் போகிறவருக்கு, அந்தச் சில வரிகள் சொல்வதை வேறு எந்தச் சான்றிதழும் சொல்லிவிடாது.